கேளிக்கைப் பூங்காவில் மதியச் சாப்பாடு: உள்ளேயா, வெளியேயா?

பள்ளி விடுமுறைக்குக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்று முடிவானதும் நுழைவுச்சீட்டு, பெட்ரோல், டோல், தங்கும் அறை என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுகிறார்கள். சாப்பாட்டை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிப் பார்த்துக்கொள்ளும் நேரம் சரியாக மதியம் ஒரு மணிக்கு வருகிறது. வெயில் உச்சியில் நிற்கிறது, பிள்ளைகள் பசியில் சிணுங்குகிறார்கள், உணவக வரிசை வாசல் வரை நீள்கிறது. அப்போது எடுக்கும் முடிவு பணத்தைக் கரைக்கும் முடிவாகவே பெரும்பாலும் அமைகிறது.

பூங்காவுக்குள் விலை அதிகம், வெளியே மலிவு என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். வெளியே போய் வர ஆகும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த நேரத்துக்கான பணத்தை நுழைவாயிலிலேயே கட்டியாகிவிட்டது.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஏழு பேர். சீட்டு சராசரியாக ஆளுக்கு 120 ரிங்கிட் என்றால் மொத்தம் 840 ரிங்கிட். பூங்கா காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடினால் எட்டு மணி நேரம். ஆக, அந்தக் குடும்பம் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 105 ரிங்கிட் கொடுத்திருக்கிறது. உள்ளே ஒரு தட்டுச் சோறும் தண்ணீரும் ஆளுக்கு 30 ரிங்கிட் என்றால் 210 ரிங்கிட் ஆகும். வெளியே 14 ரிங்கிட் என்றால் 98 ரிங்கிட்தான். வெளியே போனால் 112 ரிங்கிட் மிச்சம்.

இனி நேரத்தைப் பார்க்க வேண்டும். கார் நிறுத்துமிடம் வரை நடந்து, டவுனுக்கு ஓட்டிப் போய், கடை தேடி, திரும்பவும் பார்க்கிங் பிடித்து வர, உள்ளேயே சாப்பிடுவதைவிடக் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதன் விலை 157 ரிங்கிட் 50 சென். 112 மிச்சம் பிடிக்க 157 செலவு செய்தது போலாகிவிடும். அதுவே கடைகள் நுழைவாயிலை ஒட்டியே இருந்து, கூடுதலாக அரை மணி நேரம்தான் போகும் என்றால் நட்டம் 52 ரிங்கிட் 50 சென். அப்போது வெளியே சாப்பிடுவதே லாபம்.

இந்த எண்கள் எடுத்துக்காட்டுதான். சொந்தச் சீட்டு விலையையும் ஆள் எண்ணிக்கையையும் போட்டு யாரும் ஒரு தாளில் இதைக் கணக்கிடலாம். ஆனாலும் எல்லா மணி நேரமும் ஒரே மதிப்புடையதல்ல. நண்பகல் 12 முதல் 2 வரை நம் நாட்டு வெயிலில் விளையாட்டு வரிசையில் நிற்பது சுகமான காரியமல்ல. காலை 10 மணிக்கு வரிசைகள் குறைவு. சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் குடும்பம் நண்பகலில் குளிர்சாதன வசதியுள்ள இடத்துக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பி வந்தால், மணி நேரக் கணக்கில் நட்டம் போலத் தெரிந்தாலும் உடம்புக்கு அது லாபம்தான். இளைஞர்கள் மட்டும் போகும் கூட்டத்துக்கு இது பொருந்தாது. அவர்கள் ஒரு ரொட்டியைக் கடித்துக்கொண்டு வரிசையிலேயே நிற்பார்கள்.

வெளியே போவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்: அதே நாளில் மறுபடி உள்ளே விடுவார்களா? சில பூங்காக்களில் கையில் முத்திரை குத்தியோ கைப்பட்டையைப் பார்த்தோ விடுவார்கள். சிலவற்றில் வெளியேறினால் அன்றைய சீட்டு அவ்வளவுதான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருடம் போய் வந்த அண்ணன் சொன்னதை நம்பாமல், வாசலில் நிற்கும் பணியாளரிடமே கேட்பது நல்லது.

இடத்துக்கு இடம் வேறு கணக்கு

‘வெளியே’ என்ற சொல் எல்லாப் பூங்காவிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

1993-இல் திறக்கப்பட்ட சன்வே லகூனுக்குப் பக்கத்திலேயே சன்வே பிரமிட் பேரங்காடி இருக்கிறது. அங்கே உணவு வளாகமும் பலவகை உணவகங்களும் உண்டு. தூரம் பிரச்சினையே இல்லை. ஈரம்தான் பிரச்சினை. தண்ணீர் விளையாட்டில் நனைந்த ஏழு பேரும் துடைத்து, உடை மாற்றி, பெட்டகத்தைத் திறந்து பொருள்களை எடுத்து, சாப்பிட்டு முடித்து, மறுபடி ஈர உடைக்குள் நுழைய வேண்டும். பிள்ளைகள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் தண்ணீர்ப் பூங்காவில் மதியத்துக்கு உள்ளேயே ஏதாவது இலேசாகச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் எல்லாம் முடித்து உடை மாற்றிய பிறகு வெளியே வயிறாரச் சாப்பிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கிள்ளான் பக்கத்திலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவோர் செத்தியா ஜெயாவில் இறங்கி சன்வே பேருந்துத் தடத்துக்கு மாறினால் சன்வே லகூன் நிலையத்திலேயே இறங்கலாம். அவர்களுக்குக் காலைப் பசியாறையை வீட்டிலேயே முடித்துவிட்டு வருவது எளிது.

ஜொகூர், இஸ்கண்டார் புத்ரியில் உள்ள லெகோலேண்ட் 2012-இல் திறக்கப்பட்டது. நுழைவாயிலுக்கு வெளியே நடந்து போகும் தூரத்திலேயே பேரங்காடியும் சில உணவகங்களும் உண்டு. நிழல் குறைவு, வெயில் தாங்கவில்லை என்பது அங்கே போய் வந்தவர்கள் அடிக்கடி சொல்வது. அதனால் மறுபடி உள்ளே விடுவார்கள் என்று தெரிந்தால், நண்பகலில் வெளியே வந்து உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே நல்ல யோசனை. வாழையிலைச் சாப்பாடு வேண்டுமென்றால் கேலாங் பாத்தா, புக்கிட் இண்டா பக்கம் காரில்தான் போக வேண்டும். அதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். கோலாலம்பூரிலிருந்து போவோர் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் பாகோ அல்லது மாச்சாப் ஓய்விடத்தில் நின்று நன்றாகப் பசியாறிவிட்டுப் போனால், பூங்காவுக்குள் முதல் பசி ஒரு மணிக்குப் பிறகுதான் எடுக்கும். பத்து மணிக்கு நுழைந்தவுடன் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வாங்கித் தரும் செலவு இதனால் குறையும்.

கெந்திங் மலையில் நிலைமை தலைகீழ். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடம் அது. 2022-இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்காவை விட்டு வெளியே வந்தாலும் கால் வைப்பது அதே மலை உச்சியின் பேரங்காடிகளில்தான். அங்கேயும் விலை மலை விலைதான். ஆனால் வகைகள் அதிகம், உட்கார இடமும் உண்டு. விலை குறைவான கடை தேடிக் கோத்தோங் ஜெயாவுக்கு இறங்கி ஏறுவது வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் நேரத்தையும் வயிற்றையும் கலக்கும் வேலை. மலையேறும் முன்பே அங்கே சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அல்லது இறங்கும்போது சாப்பிடலாம், நடுவில் வேண்டாம். இன்னொன்று, மின்னலும் மழையும் வந்தால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நிமிடமே எல்லாரும் உணவகத்துக்குள் நுழைவார்கள். வானம் கறுக்கத் தொடங்கும்போதே, மணி பதினொன்றரைதான் என்றாலும், போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கும் குடும்பம் புத்திசாலிக் குடும்பம். விடுமுறைக் காலத்தில் காலைப் பசியாறைக்கும் இதே நெரிசல் உண்டு. அங்குள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் விடுதியில் மட்டும் 7,351 அறைகள் இருக்கின்றன என்றால் காலை எட்டு மணிக்குக் கூட்டம் எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பேராக்கில் தம்புன் லோஸ்ட் வேர்ல்டுக்குப் போகிறவர்களுக்கு ஈப்போ பக்கத்திலேயே இருப்பது ஒரு வசதி. இரவுச் சாப்பாட்டை லாஹாட் சாலையின் லிட்டில் இந்தியாவில் வைத்துக்கொள்ளலாம். வழியில் தொங்கும் தம்புன் பம்ப்ளிமாஸ் பழத்தை வாங்கினால், கடைக்காரரையே உரித்துத் தரச் சொல்வது நல்லது.

யாருக்கு எது ஒத்துவரும்

நம் குடும்பங்களில் விலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவர்களும் உள்ளே எதைச் சாப்பிடுவது? பூங்கா உணவகங்களில் பர்கர், ஸ்பகெட்டி, பீட்சா, பொரித்த கோழி, நாசி லெமாக் ஆகியவையே அதிகம். மலாய் உணவுப் பட்டியலில் ‘டாகிங்’ என்று இருந்தால் நம் நாட்டில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். பெப்பரோனியும் பெரும்பாலும் அதுவே. பிள்ளைகள் கேட்கும் மார்ஷ்மெல்லோ மிட்டாயில் ஜெலாட்டின் சேர்ந்திருக்கும். அதுவும் விலங்கிலிருந்து எடுப்பதே. ஹலால் முத்திரை இருப்பதால் மாட்டிறைச்சி இல்லை என்று பொருளல்ல என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

சைவம் இன்னும் சிரமம். காய்கறிப் பிரட்டலில் பெலாச்சான் இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும், சூப்பில் கோழிச்சாறு இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் கோழி பொரித்த அதே எண்ணெயில் வெந்திருக்கலாம். ஆண்டு இறுதி விடுமுறை வருவது கார்த்திகை, மார்கழியில். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் வீட்டில் இருப்பார், தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கியவரும் இருப்பார். அப்படிப்பட்ட குடும்பம் உள்ளே சாப்பாட்டை நம்பிப் போகக்கூடாது. வெளியே நம்மவர் கடை எங்கே என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக ஒன்றரை மணி நேரம் போனாலும் தவறில்லை.

அடுத்தது மருந்து. 2023-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். இன்சுலின் போடுகிறவரும், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை எடுப்பவரும் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் தள்ளிப்போட முடியாது. ‘இன்னும் ஒரு விளையாட்டு, பிறகு வெளியே போய்ச் சாப்பிடலாம்’ என்பது பிள்ளைகளுக்குச் சரி, பாட்டிக்குச் சரியல்ல. சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். வெயிலில் நடக்கும்போது இது வெயிலின் களைப்பு என்றே தோன்றும். அங்கேதான் ஆபத்து. அப்படித் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி அளவு, அதாவது சுமார் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கி விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் முதலுதவிப் பிரிவை அழைக்க வேண்டும். சீனிப் பொட்டலமும் பிஸ்கட்டும் மருந்துப் பையிலேயே இருக்கட்டும். வெளி உணவைத் தடுக்கும் பூங்காக்களும் மருத்துவக் காரணத்துக்காகவோ கைக்குழந்தைக்காகவோ கொண்டு வருவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. வாசலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

மருந்து இல்லாத வீட்டிலும் ஒரு காட்சி உண்டு. விலைப்பட்டியலைப் பார்த்ததும் ‘எனக்குப் பசியில்லை, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடு’ என்று சொல்பவர் பெரும்பாலும் பாட்டிதான். இல்லையென்றால் அம்மா. தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு ஒரு தட்டுச் சோற்றுக்கு 30 ரிங்கிட் கொடுக்க மனம் வராது. ஆளுக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுப் பணத்தை வீட்டிலேயே ஒதுக்கி, அதை அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டால் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஐஸ்கிரீமில் பிடிக்கலாம்.

கட்டுச்சோறும் ரசீதும்

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது நம் பழைய வழக்கம். பெரும்பாலான பூங்காக்கள் அதை உள்ளே விடுவதில்லை, வெறும் தண்ணீர்ப் போத்தலை விடும். காரில் வைத்துவிட்டு மதியம் வந்து சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் காருக்குள் இருக்கும் சூட்டை மறந்துவிடுகிறார்கள். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சு தொடர்ந்து சொல்லிவரும் அறிவுரை. வெயிலில் நிற்கும் காரில் அவ்வளவு நேரம்கூடத் தாங்காது. தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக், முட்டை, கோழிப் பிரட்டல் மூன்றும் சீக்கிரம் கெடும். புளிச்சோறு ஓரளவு தாங்கும் என்றாலும் ஐஸ் பெட்டி இருந்தால்தான் கவலையில்லை. அடுப்படி உள்ள ஹோம்ஸ்டே எடுத்து, அரிசிக் குக்கரையும் கையோடு கொண்டு போகும் குடும்பங்கள் காலையும் இரவும் தாங்களே சமைத்துக்கொள்கின்றன. மூன்று நாள் பயணமென்றால் இதில் மிச்சமாவது சிறு தொகையல்ல. ஆனால் விடுமுறையிலும் அம்மாவே அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

விலைப்பட்டியலில் உள்ள எண் வேறு, ரசீதில் வரும் எண் வேறு. மலேசியாவில் உணவுக்கான சேவை வரி 6 விழுக்காடு. ஆண்டுக்கு 15 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் உள்ள உணவகங்களே இதை வசூலிக்க வேண்டும் என்பதால் சாதாரண ஒட்டுக்கடையில் இது வராது. அதோடு சில உணவகங்கள் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்க்கும். அப்படியானால் 100 ரிங்கிட் சாப்பாடு 116 ரிங்கிட் ஆகும். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் அதன் பொருள் இதுதான்.

சாப்பாட்டுக் கூப்பன் சேர்ந்த சீட்டுகளும் விற்கிறார்கள். அந்தக் கூப்பன் எந்தக் கடைகளில் செல்லும், தண்ணீர் சேர்த்தியா, பயன்படுத்தாவிட்டால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் பார்த்து வாங்கினால் ஏமாற்றமில்லை. மாட்டிறைச்சி பர்கர் மட்டுமே கிடைக்கும் கடைக்கு ஏழு கூப்பன் வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள்

செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோசுக்கு ஜொகூரிலிருந்து ஒரு நாள் பயணமாகப் போய் வருவோர் பலர். அங்கே ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்க வேண்டும். 15 வெள்ளித் தட்டு என்பது நம் பணத்தில் 45 ரிங்கிட்டைத் தாண்டும். 2024 ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் இரண்டையும் பட்டியல் விலைக்கு மேல் சேர்க்கலாம். உணவங்காடிகளில் சேவைக் கட்டணம் கிடையாது, போட்டிருக்கும் விலையே இறுதி விலை.

செந்தோசா ரயில் புறப்படும் விவோசிட்டி பேரங்காடியில் பெரிய உணவு வளாகம் இருக்கிறது. காலையில் தீவுக்குள் போகும் முன் அங்கே பசியாறிவிடலாம். மதியத்துக்கு மட்டும் பூங்காவுக்குள் ஏதாவது ஒன்று. மாலையில் திரும்பி வந்து, விவோசிட்டியின் அடித்தளத்தில் உள்ள ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் வடக்கு–கிழக்குத் தட ரயிலில் ஏறினால், எங்கும் மாறாமல் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் தேக்கா நிலையம். தோசை, பிரியாணி, மீன்குழம்புச் சோறு எல்லாம் அங்காடி விலையில் கிடைக்கும். சைவ உணவகம் வேண்டுவோர் சிராங்கூன் சாலையில் சில நிமிடம் நடந்தால் போதும். அங்கிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பேருந்துகள் புறப்படும் குவீன் ஸ்திரீட் முனையமும் நடந்து போகும் தூரம்தான். வெள்ளி, சனி இரவுகளில் பாலத்தில் நெரிசல் அதிகம் என்பதால் பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போய்விட்டு, கையில் ஒரு போத்தல் தண்ணீரோடு ஏறுவது நல்லது.